புள்ள கோர்ட் கண்டிஷனை மீறிட்டானா? அன்னைக்கு ராத்திரில இருந்து கோர்ட் நாள் வரைக்கும் என்ன பண்ணனும், எந்த வரிசையில

மலேசியா பேராக்ல பீடோர் பக்கம் தோட்டத்துலயும் தாமான்லயும் இருக்கற குடும்பங்களோட தாப்பா கோர்ட்டுக்கும் வெல்பேர் ஆபீசுக்கும் கூடவே போய் வர்ற ஆளு நான். லாயர் இல்ல, ஆபீசரும் இல்ல. எங்க அக்கா மகன் கேஸ்ல கத்துக்கிட்டது, அதுக்கப்புறம் ஒவ்வொரு வீடா கூப்பிட கூப்பிட போய் பாத்தது, அதை வச்சுத்தான் எழுதறேன். புள்ள 18 வயசுக்கு கீழ இருக்கும்போது குழந்தைகள் கோர்ட்ல ஆர்டர் வாங்கி வெளில இருக்கான், இப்ப அந்த கண்டிஷன்ல ஒன்னை மீறிட்டான், அந்த நிலைமையில இருக்கற அம்மா அப்பாவுக்குத்தான் இது.

மீறல்னால மாட்டின பசங்களை விட, மீறினதுக்கு அப்புறம் வீடு ரெண்டு மூனு வாரம் வாய மூடிக்கிட்டு இருந்ததால மாட்டின பசங்கதான் நான் பாத்ததுல அதிகம். அதனால கீழ உள்ள வரிசையை மாத்தாதீங்க.

1. மொதல்ல கையில இருக்கறது எந்த பேப்பர்னு பாருங்க

நம்ம ஊர்ல எல்லாத்தையும் பரோல்னு சொல்லிடறாங்க, இல்லன்னா ஜாமீன்ல இருக்கான்னு சொல்றாங்க. இதுல தான் முதல் தப்பே நடக்குது, ஏன்னா ஒவ்வொரு பேப்பருக்கும் போக வேண்டிய ஆபீஸ் வேற, மீறினா நடக்கறதும் வேற.

கேஸ் இன்னும் முடியல, அடுத்த தேதி குடுத்திருக்காங்கன்னா அது ஜாமீன். அதை மீறினா ஜாமீன் ரத்தாகி கேஸ் முடியற வரைக்கும் புள்ளையை உள்ள வைக்கலாம், ஜாமீன் நின்னவர் கட்டின பணமும் போகலாம்.

கேஸ் முடிஞ்சிருச்சு, நல்ல நடத்தைக்கு கையெழுத்து வாங்கி அனுப்பிட்டாங்கன்னா அது பொன், அதாவது உறுதிப்பத்திரம் (bond), பேப்பர்ல பொன் பெர்கெலாகுவான் பாயிக்னு இருக்கும். இதுல ஒரு தொகையும் ஒரு காலமும் எழுதியிருக்கும், மீறினா ஏன் இந்த தொகையை கட்டக்கூடாதுன்னு கோர்ட் காரணம் கேக்கும்.

பெகாவாய் அக்லாக் (வெல்பேரோட நன்னடத்தை ஆபீசர், கீழ ஆபீசர்னு சொல்றது இவரைத்தான்) கண்காணிப்புல இருக்கணும்னு போட்டிருந்தா அது பெர்ச்சுபாஆன் ஆர்டர், அதாவது கண்காணிப்பு ஆர்டர், அக்தா கானாக்-கானாக் 2001 (குழந்தைகள் சட்டம்) செக்ஷன் 98. ஒரு வருஷத்துக்கு குறையாம மூனு வருஷத்துக்கு மேல போகாம இருக்கும். எங்ககிட்ட வர்ற கேஸ்ல முக்கால்வாசி இதுதான், அதனால கீழ நான் எழுதறது பெரும்பாலும் இதை வச்சுத்தான். இதை மீறினது நிரூபணம் ஆனா கோர்ட் ஆரம்பத்துல செஞ்ச குத்தத்துக்கே திரும்ப போய் புதுசா வேற ஆர்டர் போடலாம். அதாவது அன்னைக்கு துனாஸ் பக்தி ஸ்கூலுக்கோ ஹென்றி கர்னி ஸ்கூலுக்கோ (ரெண்டும் பசங்களை உள்ள வைக்கற சீர்திருத்த ஸ்கூல்) அனுப்பாம விட்டாங்களே, அந்த கதவு திரும்ப தொறக்குது. இது நெறைய பேருக்கு தெரியறதே இல்ல, ஒரு நாள் லாப்போர் டிரி (ஆபீசர்கிட்ட நேர்ல போய் ஆஜராகறது) போகலன்னா அந்த ஒரு நாளுக்குத்தான் திட்டுவாங்கன்னு நெனைச்சுக்கறாங்க.

புள்ள ஹென்றி கர்னில இருந்து திரும்பி வந்தவனா இருந்தா அந்த ஸ்கூல் ஜபாத்தான் பெஞ்சாரா (சிறை இலாகா) கையில இருக்கு, வெல்பேர் கையில இல்ல. வெளில வரும்போது குடுத்த பேப்பர்ல எந்த ஆபீசர் பேர் இருக்கோ அவர்கிட்டத்தான் பேசணும். எதிர்ல இருக்கற வெல்பேர் கவுண்டர்ல போய் நின்னு அரை நாள் போக்கின குடும்பத்தை நான் பாத்திருக்கேன்.

அப்புறம் இன்னொன்னு. புள்ளையோட பேப்பர் தவிர அம்மா அப்பா பேர்லயும் ஒரு பொன் இருக்கலாம், செக்ஷன் 93. புள்ளையை கூட்டிக்கிட்டு லாப்போர் டிரிக்கு வரணும், ஸ்கூலுக்கு ஒழுங்கா போறானான்னு பாக்கணும், டீச்சரை போய் பாக்கணும், வெல்பேர் நடத்தற பெங்கெல்லுக்கு (பயிற்சி பட்டறை) வரணும், இப்படி இருக்கும். இதை மீறினா மாட்டறது புள்ள இல்ல, நீங்க. அன்னைக்கு கோர்ட்ல அழுதுகிட்டே கையெழுத்து போட்டிருப்பீங்க, என்னன்னு படிச்சிருக்க மாட்டீங்க. இப்ப ரெண்டு பேப்பரையும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வைங்க.

பேப்பரே காணோம்னா கோர்ட் பதிவு கவுண்டர்ல கேஸ் நம்பர் சொல்லி காப்பி கேளுங்க. கேஸ் நம்பரும் தெரியலன்னா புள்ளையோட ஐசி, கடைசியா கோர்ட்டுக்கு போன தேதி, இது ரெண்டும் எடுத்துக்கிட்டு போங்க.

2. கண்டிஷனை வரி வரியா படிங்க

மலாய்ல இருக்கும், சட்ட மலாய், நமக்கு சட்டுனு புரியாது. வீட்ல படிச்ச பொண்ணு பையன் யாராவது இருந்தா உக்கார வச்சு ஒவ்வொரு கண்டிஷனையும் தமிழ்ல ஒரு நோட்டுல எழுதுங்க. எத்தனை மணிக்குள்ள வீட்ல இருக்கணும், யாரோட சேரக்கூடாது, எந்த தேதி எங்க லாப்போர் டிரி, ஸ்கூலா வேலையா, எந்த விலாசத்துல இருக்கணும்.

ஏன் இதை ரெண்டாவதா சொல்றேன்னா, மீறிட்டான் மீறிட்டான்னு ஓடி வர்ற வீட்ல பாதி நேரம் மீறலே இருக்காது. ஒரு பையன் ராத்திரி ஒம்போதரைக்கு வந்தான்னு அப்பா பெல்ட்டால அடிச்சுட்டார், பேப்பர்ல பத்து மணின்னு இருந்துச்சு. அதே மாதிரி எதிர்பக்கமும் நடக்கும். ஒரு அம்மா சின்ன விஷயம்னு விட்டுட்டாங்க, பையன் தைப்பிங்ல மாமா வீட்ல ஒரு மாசமா இருந்தான், பேப்பர்ல விலாசம் மாத்தக்கூடாதுன்னு தெளிவா இருந்துச்சு.

18 வயசு ஆயிருச்சு இனிமே இது செல்லாதுன்னு சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க. பேப்பர்ல எந்த தேதி வரைக்கும்னு இருக்கோ அதுதான் கணக்கு.

3. நடந்தது எந்த வகைன்னு முடிவு பண்ணுங்க

ஒரே ஒரு கேள்வி. அவன் செஞ்சது தனியா பாத்தாலே போலீஸ் பிடிக்கற விஷயமா?

லாப்போர் டிரி போகல, ஸ்கூல் பொந்தேங் (மட்டம்), நேரம் கழிச்சு வீட்டுக்கு வந்தான், சேரக்கூடாதவனோட மாமாக் கடையில உக்காந்தான், சொல்லாம வேலைக்கு போயிட்டான். இதெல்லாம் கண்டிஷன் மீறல் மட்டும்தான், தனி குத்தம் இல்ல. இதுக்கு மொதல்ல ஆபீசர், அப்புறம் லாயர்.

அடிதடி, மோட்டார் திருட்டு, லைசன்ஸ் இல்லாம ரேஸ் ஓட்டி பிடிபட்டது, யூரின் டெஸ்ட்ல மாட்டினது, யாரையாவது கத்தி காட்டி மிரட்டினது, இதெல்லாம் புது குத்தம். இதுக்கு மொதல்ல லாயர், அப்புறம் ஆபீசர். இந்த இடத்துல வரிசை தலைகீழா மாறுது, காரணம் சொல்றேன். ஆபீசர் நல்லவரா இருக்கலாம், புள்ள மேல அக்கறை இருக்கலாம், ஆனா அவர் கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதற ஆளு. புது கேஸ்ல நீங்க பதட்டத்துல அவர்கிட்ட கொட்டற கதை நாளைக்கு எங்க போய் நிக்கும்னு உங்களுக்கு தெரியாது. புள்ள எங்க இருக்கான், போலீஸ் பிடிச்சிருக்கு, எந்த பாலாய் (போலீஸ் ஸ்டேஷன்), இதை மட்டும் ஆபீசருக்கு சொல்லுங்க, என்ன நடந்துச்சுங்கறதை லாயர் வந்தப்புறம் பேசுங்க.

போலீஸ் பிடிச்சிருந்தா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், அப்பா அம்மாவுக்கும் பெகாவாய் அக்லாக்குக்கும் தகவல் சொல்லணும், பெரியவங்களோட சேர்த்து வைக்கக்கூடாது. பாலாய்க்கு போனா சண்டை போடாம இந்த மூனையும் கேளுங்க. ஏற்கனவே கண்காணிப்புல இருக்கான்னு ஆர்டர் காப்பியை காட்டுங்க. மறைச்சா நல்லதுன்னு நெனைப்பீங்க, ஐசி நம்பர் தட்டினா வந்துரும், மறைச்சவங்கங்கற பேர்தான் மிச்சம்.

4. புள்ளகிட்ட பேசறது, அடிக்காம

இது எளிதா இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து பாத்தா புள்ள வீட்ல இல்ல, ஆபீசர் கால் பண்ணி மூனு மிஸ்ட் கால் இருக்கு, கோவம் வராம இருக்குமா. ஆனா அன்னைக்கு அடிச்சா அன்னைக்கே ஓடிருவான். ஓடின புள்ளைக்கு இருக்கற ஒரு மீறல் மூனு மீறலா ஆகுது, விலாசம், நேரம், லாப்போர் டிரி எல்லாம் சேர்ந்து.

சோறு போடுங்க, தூங்க விடுங்க, காலைல கேளுங்க. கேக்கும்போது ஏன்டா இப்படி பண்ணினன்னு ஆரம்பிக்காதீங்க, அதுக்கு பதில் வராது. எங்க இருந்த, எப்படி போன, யாரோட, எத்தனை மணிக்கு, இந்த நாலு கேள்வி. பதிலை அப்படியே எழுதுங்க. ஏன்ங்கறது தானா வெளில வரும்.

எங்க பக்கம் அந்த ஏன் பாதிக்கு மேல பஸ் தான். ஆமா, பஸ். தோட்டத்துல இருந்து மெயின் ரோட்டுக்கு வரவே மோட்டார் வேணும், அப்பா மோட்டாரை காலைல அஞ்சரைக்கு வேலைக்கு எடுத்துட்டு போயிடறார், லைசன்ஸ் இல்லாத பையன் கூட்டாளி மோட்டார்ல போகணும், அந்த கூட்டாளியோட சேரக்கூடாதுன்னு பேப்பர் சொல்லுது. பையன் என்ன பண்ணுவான், போகவே மாட்டான். இதை பையன் வாய் விட்டு சொல்ல மாட்டான், போக புடிக்கலன்னுதான் சொல்லுவான். இன்னும் சில பேருக்கு வெக்கம், ஆபீஸ் வாசல்ல ஸ்கூல் பசங்க பாத்துருவாங்கன்னு. சில பேருக்கு பயம், போற வழியில இன்னொரு கேங் பசங்க நிப்பாங்கன்னு. காரணம் எதுன்னு தெரியாம அடுத்த படிக்கு போகாதீங்க, ஏன்னா ஆபீசர் கேக்கப்போற முதல் கேள்வி அதுதான், நீங்க கேட்டு வாங்கப்போற மாற்றமும் அதை வச்சுத்தான்.

வீட்ல குத்தவாளின்னு கூப்பிடாதீங்க. குழந்தைகள் கோர்ட்ல புள்ளையை பத்தி பேசும்போது தண்டனைங்கற வார்த்தையையே பயன்படுத்தக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது. சட்டம் சொல்லாத வார்த்தையை பெத்த அப்பா சொல்லணுமா.

5. ஆபீசருக்கு நீங்க முந்திக்கங்க

கண்டிஷன் மீறல் மட்டும்னா, தெரிஞ்ச அன்னைக்கே, முடியலன்னா மறுநாள் ஆபீஸ் தொறக்கும்போது. எங்க அக்கா மகன் விஷயத்துல நான் தான் சொன்னேன், அடுத்த லாப்போர் டிரி அன்னைக்கு நேர்ல போய் சொல்லிக்கலாம்னு. பத்து நாள் இருந்துச்சு. அந்த பத்து நாளுக்குள்ள ஸ்கூல்ல இருந்து ஆபீசருக்கு தகவல் போயிருச்சு, நாங்க போய் நின்னப்ப அவர் ரிப்போர்ட் எழுதி முடிச்சிருந்தார். அந்த பத்து நாளை இன்னைக்கு வரைக்கும் என்னால மறக்க முடியல.

ஆபீசர் பக்கத்துல இருந்து பாருங்க. அவர்கிட்ட இருக்கற பைல் ஒன்னு ரெண்டு இல்ல. வராத புள்ளையை பத்தி அவருக்கு தெரிஞ்சது ஒரே விஷயம், வரல. நீங்க சொன்னா தான் அதுக்கு பக்கத்துல இன்னொரு வரி எழுத முடியும். சின்ன மீறலை கூப்பிட்டு எச்சரிக்கை குடுத்து விடறதா, கோர்ட்டுக்கு கொண்டு போறதான்னு யோசிக்கற இடத்துல அந்த ஒரு வரி தான் வேலை செய்யும்.

போன் பண்ணுங்க, எடுக்கலன்னா மெசேஜ். வாய்ஸ் மெசேஜ் வேணாம், எழுத்துல அனுப்புங்க, பின்னாடி காட்ட முடியும். ரொம்ப கதை வேணாம், இப்படி இருந்தா போதும்: சலாம் செஜாத்ரா துவான், சாயா இபு கெபாடான்னு புள்ள பேர், அப்புறம் அனாக் சாயா தீடாக் ஹாடிர் லாப்போர் டிரி பாடான்னு தேதி, காமி போலே டாத்தாங் எசோக் புக்குல் 9 பாகி, மொஹோன் துவான் பெரிதாஹு. அதாவது இன்னாரோட அம்மா நான், என் புள்ள இந்த தேதி லாப்போர் டிரிக்கு வரல, நாளைக்கு காலைல 9 மணிக்கு வர முடியும், தயவு செஞ்சு சொல்லுங்கன்னு அர்த்தம். அவ்வளவுதான். காரணத்தை நேர்ல சொல்லுங்க. ஏன்னா மெசேஜ்ல அவசரத்துல ஒரு காரணம் எழுதிட்டு நேர்ல வேற காரணம் சொன்னா ரெண்டுமே பொய் மாதிரி ஆயிடும்.

நேர்ல போகும்போது புள்ளையை கூட்டிக்கிட்டு போங்க, அவனை விட்டுட்டு நீங்க மட்டும் போய் மன்னிப்பு கேக்கறது உதவாது. ஆபீசர் கேக்கற கேள்விக்கு அவனே பதில் சொல்லட்டும், மலாய் தடுமாறினாலும் பரவால்ல. கட்சிக்காரர், கோயில் தலைவர், அண்ணன் மாரி ஒருத்தர்னு பெரிய ஆளை துணைக்கு கூட்டிக்கிட்டு போகாதீங்க. ஒரு பையனுக்கு துணையா வந்தவரே ஆர்டர்ல சேரக்கூடாதுன்னு இருந்த கூட்டத்துல ஒருத்தர், அது அங்க போய் தான் எங்களுக்கு தெரிஞ்சுச்சு.

6. ஆதாரம் சேருங்க, ஒரே பைல்ல

ஒரு நீல பைல் வாங்கிக்கங்க, மேல கேஸ் நம்பர் எழுதுங்க. உள்ள ஆர்டர் காப்பி, ஐசி, பிறந்த சூராட், இதுவரைக்கும் லாப்போர் டிரி போன பதிவு, ஸ்கூல் வருகை பதிவு, எம்சி (டாக்டர் சீட்டு) இருந்தா எம்சி, வேலை செஞ்சா முதலாளி குடுத்த கடுதாசி, நீங்க ஆபீசருக்கு அனுப்பின மெசேஜோட ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட்.

வருகை பதிவுங்கறது ரொம்ப முக்கியம், யாரும் கேக்கறதே இல்ல. பதினாலு தடவை ஒழுங்கா போய் பதினஞ்சாவது தடவை போகலங்கறதும், மூனு தடவைல ரெண்டு தடவை போகலங்கறதும் ஒன்னா? காகிதத்துல காட்டலன்னா ரெண்டும் ஒன்னுதான். ஸ்கூல்ல கவுன்சலிங் டீச்சரை பாத்து ஒரு பக்கத்துக்கு எழுதி கேளுங்க, நல்லதா மட்டும் எழுத சொல்லி கெஞ்சாதீங்க, உள்ளதை எழுதினா போதும். தவுக்கே கொய்யா தோட்டத்துலயோ ஒர்க்ஷாப்லயோ வேலை குடுத்திருந்தா எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும்னு எழுதி வாங்குங்க.

எம்சி விஷயத்துல ஒன்னு அழுத்தி சொல்றேன். பின் தேதி போட்டு வாங்கறது, தெரிஞ்ச கிளினிக்ல காசு குடுத்து வாங்கறது, தேதியை திருத்தறது, எதுவும் செய்யாதீங்க. மீறல்னு இருந்த விஷயம் போலி ஆவணம்னு ஆயிடும், அதுல புள்ளையோட நீங்களும் மாட்டுவீங்க. எம்சி இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க.

அதே மாதிரி கோர்ட் வாசல்ல நின்னுகிட்டு எனக்கு உள்ள ஆளு இருக்கு, இவ்வளவு குடுங்க முடிச்சுடலாம்னு ஒருத்தன் வருவான். நகையை அடகு வச்சு குடுத்த அம்மாவை எனக்கு தெரியும். பணமும் போச்சு, தேதியும் போச்சு, அவன் போனும் எடுக்கல. குடுத்தது வெளில வந்தா லஞ்சம் குடுத்த குத்தம் உங்க மேல.

7. லாயர், காசு இல்லன்னாலும்

காசு இல்ல, அதனால லாயர் இல்லன்னு நாமே முடிவு பண்ணிடறோம். புள்ளைங்க கேஸுக்கு ஜபாத்தான் பந்துவான் குவாமான் (சட்ட உதவி இலாகா) இருக்கு, அரசாங்கத்தோடது. யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் இருக்கு, ஊர்ல வொய்பிஜிகேன்னு சொல்லுவாங்க, குற்ற வழக்குக்கு இலவசமா வக்கீல் குடுக்கறது அவங்க வேலை. வக்கீல் கழகத்தோட சட்ட உதவி மையமும் இருக்கு. ஐசி இல்லாத புள்ளையா இருந்தா இந்த கடைசி இடத்துல மொதல்ல கேளுங்க, முடியாதுன்னு நீங்களே நெனைச்சுக்கிட்டு வீட்ல உக்காராதீங்க. எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலன்னா தாலியான் காசே உதவி போன் 15999, எந்த நேரமும் எடுப்பாங்க, எந்த ஆபீஸ்னு வழி சொல்லுவாங்க.

கோர்ட் தேதிக்கு முதல் நாள் போய் நிக்காதீங்க. சாமான், அதாவது கோர்ட்டுக்கு வரச் சொல்ற அழைப்பாணை (summons), கைக்கு வந்த அன்னைக்கே போங்க, ஏன்னா பாரம் நிரப்பணும், பைலை பாக்கணும், லாயர் புள்ளையோட தனியா பேசணும். அந்த தனியாங்கறதை நம்ம ஆளுங்களுக்கு ஏத்துக்க கஷ்டமா இருக்கு. அப்பா பக்கத்துல உக்காந்திருந்தா பையன் உண்மையை சொல்ல மாட்டான், லாயருக்கு பொய்யை வச்சு பேச வேண்டியதாயிடும். வெளில போய் ஒரு தே தாரிக் குடிச்சுட்டு வாங்க.

8. சாமான் வந்தாலும் வாரண்ட் வந்தாலும் ஓட வேணாம்

ஆபீசர் கோர்ட்டுக்கு சொல்லிட்டார்னா கோர்ட் சாமான் அனுப்பலாம், வாரண்டும் போடலாம். சாமான்ல தேதி இருக்கும், அன்னைக்கு போகணும். வாரண்ட்னா போலீஸ் பிடிச்சு கொண்டு போய் நிறுத்தறது.

வாரண்ட் இருக்குன்னு தெரிஞ்சா லாயரோட பேசிட்டு நீங்களே கூட்டிக்கிட்டு போங்க. தீபாவளி முடியட்டும், பரீட்சை முடியட்டும்னு தள்ளாதீங்க. சிங்கப்பூருக்கு அனுப்பிட்டா சரியா போயிடும்னு ஜொகூர்ல சொந்தக்காரங்க வீட்டுக்கு பஸ் ஏத்தினவங்க இருக்காங்க, பாலத்துலயே பிடிச்சாங்க. தானா வந்த புள்ளைக்கும் தேடி பிடிச்ச புள்ளைக்கும் மாஜிஸ்ட்ரேட் பாக்கற பார்வையே வேற.

ஆஸ்ராமா அக்லாக்ல இருந்து ஓடி வந்துட்டான்னாலும் இதே தான். கண்காணிப்பு ஆர்டர்ல சில பசங்களை அங்க தங்க சொல்லுவாங்க, 12 மாசத்துக்கு மேல போகாது. ஓடி வந்தவனை வீட்ல ஒளிச்சு வைக்காதீங்க, சாப்பாடு குடுத்துட்டு அன்னைக்கே ஆஸ்ராமாவுக்கும் ஆபீசருக்கும் போன் போடுங்க. அங்க யாராவது அடிச்சாங்க, தொந்தரவு பண்ணினாங்கன்னு புள்ள சொன்னா அதை மூடி வைக்காதீங்க, காயம் இருந்தா அரசாங்க ஆஸ்பத்திரில காட்டி பதிவு பண்ணிட்டு, லாயரோட சேர்ந்து எழுத்துல குடுத்துட்டு அப்புறம் திரும்ப கூட்டிக்கிட்டு போறதை பேசுங்க. எதுக்கு ஓடினான்ங்கறது அங்க ரொம்ப முக்கியம்.

9. கோர்ட் நாள்

குழந்தைகள் கோர்ட் மூடின கோர்ட், வெளியாளுங்க உள்ள வர முடியாது. மாஜிஸ்ட்ரேட்டோட ரெண்டு ஆலோசகர் உக்காந்திருப்பாங்க, அதுல ஒருத்தர் பொம்பளையா இருக்கணும்னு சட்டம். அம்மா அப்பா வந்தே ஆகணும், வராம இருக்க முடியாது, அதனால அப்பாவுக்கு தோட்டத்துல லீவ் முன்னாடியே சொல்லுங்க, சாமான் காப்பியை மண்டோர்கிட்ட குடுக்காம ஆபீஸ் கிராணிகிட்ட மட்டும் காட்டுங்க, லயத்துக்கே தெரிய வேணாம்.

எட்டரைக்கெல்லாம் போய் நில்லுங்க. கோர்ட்ல பேர் கூப்பிடும்போது இல்லன்னா அதுவே இன்னொரு வாரண்ட். சாப்பிட்டுட்டு போங்க, சாயங்காலம் வரைக்கும் ஆகலாம். காலர் வச்ச சட்டை, ஷூ, முடி ஒழுங்கா.

மீறினது உண்மையான்னு கேப்பாங்க. லாயர் சொன்ன மாதிரி பதில் சொல்லணும், நடந்ததை நடந்ததுன்னு ஏத்துக்கறதா இருந்தா அதுக்கப்புறம் நீளமா சாக்கு வேணாம். ஆலோசகர் பையனை பாத்து நேரா கேக்கலாம், இனிமே எப்படி வருவேன்னு. வருவேன் துவான்னு மட்டும் சொன்னா அது எல்லாரும் சொல்றது. செவ்வாக்கிழமை அம்மாவோட எட்டு மணி பஸ்ல வருவேன், அம்மா அன்னைக்கு ராத்திரி ஷிப்ட்டுக்கு மாத்திக்கிட்டாங்கன்னு சொன்னா அது வேற. இந்த பதிலை வீட்ல பேசி வச்சிருக்கணும், கூண்டுல நிக்கும்போது அது தோணாது.

சில அம்மாக்கள் கோர்ட்ல வச்சே என்னால முடியல, நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லிடறாங்க. வலில வர்ற வார்த்தை, எனக்கு புரியுது. ஆனா மேசைக்கு அந்த பக்கம் அது வீட்ல பாத்துக்க ஆளில்லன்னு பதிவாகுது. உண்மையிலயே முடியலன்னா லாயர்கிட்ட முன்னாடியே சொல்லுங்க, பாட்டி வீடோ சித்தப்பா வீடோ, பொறுப்பான சொந்தக்காரங்க கையில ஒப்படைக்க கேக்கற வழியும் இருக்கு.

வெளில வந்து போட்டோ போடாதீங்க. புள்ளையோட பேர், முகம், ஸ்கூல், அடையாளம் தெரியற எதையும் வெளியிடறது குத்தம், 10,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். பெத்தவங்க ஆதங்கத்துல டிக்டாக்ல நியாயம் கேக்கறதும் இதுல வந்துரும்.

10. முடியாத கண்டிஷனை மாத்த கேளுங்க

இந்த படியை எல்லாருமே விட்டுடறாங்க. கோர்ட் மன்னிச்சு விட்டுச்சு, ஆர்டர் தொடருது, சந்தோஷமா வீட்டுக்கு வந்துடறாங்க. ஆனா அதே பஸ், அதே அஞ்சரை மணி, அதே கூட்டாளி. ரெண்டு மாசத்துல திரும்ப அதே இடத்துல நிப்பான், ரெண்டாவது தடவை அந்த பேச்சு எடுபடாது.

லாப்போர் டிரி நாளை மாத்தறது, நேரத்தை மாத்தறது, இதெல்லாம் பெரும்பாலும் ஆபீசர்கிட்ட எழுதி கேட்டாலே பேசி முடிக்கலாம். விலாசம் மாறறது, வேற மாவட்டத்துக்கு போறது, ஆர்டர்ல எழுதியிருக்கற கண்டிஷனையே மாத்தறது, இதெல்லாம் கோர்ட் தான் செய்யணும், ஆபீசர் மூலமா மனு போகும். தோட்டம் வித்துட்டாங்க, லயத்தை காலி பண்ண சொல்லிட்டாங்கன்னு குடும்பமே தெலுக் இந்தான் பக்கம் போறதா இருந்தா, லாரி ஏத்தறதுக்கு முன்னாடி சொல்லணும், ஏத்தினதுக்கு அப்புறம் இல்ல.

கேக்கும்போது வெறும் கஷ்டமா இருக்குன்னு கேக்காதீங்க. இந்த நாள் முடியாது, காரணம் இது, அதுக்கு பதிலா இந்த நாள் இந்த நேரம் வர முடியும், கூட வர்றது இன்னார், இப்படி மாற்று வழியை நீங்களே எழுதிட்டு போங்க. ஆபீசருக்கு சரின்னு சொல்ல சுலபமா இருக்கும்.

11. அதுக்கப்புறம் ஆறு வாரம்

என் கண்ணுல திரும்ப வழுக்கறவங்க இந்த ஆறு வாரத்துலதான் வழுக்கறாங்க. சுவத்துல காலண்டர், லாப்போர் டிரி நாள்ல சிவப்பு வட்டம், முதல் நாள் ராத்திரி போன்ல அலாரம், பஸ் காசு தனி டப்பால. போய் வந்தவுடனே அன்னைக்கே தேதி எழுதி நீல பைல்ல வைங்க, ஆபீசர் கையெழுத்து குடுத்தா அதையும்.

வாரத்துல ஒரு நாள் கவுன்சலிங் டீச்சருக்கு ஒரு மெசேஜ், வந்தானான்னு. பழைய கூட்டாளிங்க வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டா அவன் சொல்ல முடியாத இல்லைங்கறதை நீங்க சொல்லுங்க, அம்மா விடல்லன்னு பழியை உங்க மேல போட்டுக்கங்க, அவனுக்கு கூட்டத்துல மொகம் கெடாது. சாயங்காலம் நாலு மணில இருந்து ஒம்போது மணி வரைக்கும் அவனுக்கு போக ஒரு இடம் வேணும், பந்து விளையாடற திடலோ, டியூஷனோ, மாமா ஒர்க்ஷாப்போ, எதுவோ ஒன்னு, வீட்ல உக்கார்னு மட்டும் சொன்னா உக்கார மாட்டான்.

ஆர்டர் முடியற தேதியை காலண்டர்ல பச்சையில எழுதுங்க. அந்த தேதி வந்ததும் சும்மா விட்டுடாம ஆபீசரை பாத்து கண்காணிப்பு முடிஞ்சதுக்கு எழுத்துல ஏதாவது குடுப்பீங்களான்னு கேளுங்க, குடுத்தா ரெண்டு காப்பி எடுத்து ஒன்னை பிறந்த சூராட்டோட பிஸ்கட் டின்ல போட்டு வைங்க, நீல பைலை இன்னும் ரெண்டு வருஷம் தூக்கி போடாதீங்க.